பண்ணையாள் வீட்டில் மூன்று ராத்திரி

மார்ச் மாத நடுவில் மூன்று ராத்திரி போஷென்டாலில் தங்கிவிட்டு வந்தோம். தென்னாப்பிரிக்காவில், கேப்டவுனிலிருந்து காரில் ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். ஸ்டெல்லன்போஷுக்கும் பிரான்ஷூக்குக்கும் நடுவே, சைமன்ஸ்பெர்க் மலையின் அடிவாரத்தில் இருக்கும் பழைய டச்சுக் காலத்துப் பண்ணை. திராட்சை, பேரி, பிளம், மாடு, காய்கறித் தோட்டம் எல்லாம் இன்றும் நடக்கின்றன. அதற்கு நடுவிலேயே குடில்களை வாடகைக்கு விடுகிறார்கள்.

வேலை நிமித்தம் நாங்கள் கேப்டவுன் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. இந்தப் பண்ணையில் நாலைந்து தடவை ஓக் மரத்தடியில் உட்கார்ந்து காப்பி குடித்திருக்கிறோம், தங்கியதில்லை. விலை அப்படி. இந்த முறை என் மாமியார் நாகப்பட்டினத்திலிருந்து வந்திருந்தார். அவருக்கு எழுபது வயது நிறைந்தது. சரி, ஒரு தடவை தங்கிவிடுவோம் என்று என் வீட்டுக்காரர் முன்பதிவு செய்துவிட்டார். ஊரில் இருக்கிற தங்கைகள் "எப்படி இருந்தது, போகலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகவும், கேப்டவுன் வரப்போகிற மற்றவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முதலில் கார் விஷயம். எங்களிடம் சொந்தக் கார் இல்லை. வாடகைக்கு எடுத்த கம்பெனியில் நான்கு கதவு வண்டிக்குப் பணம் கட்டியிருந்தோம். போய் நின்றால், இரண்டு கதவு வண்டியைக் காட்டி "இதுதான் இருக்கிறது" என்றார்கள். முன் சீட்டை மடக்கி, அத்தையைக் குனியவைத்துப் பின்னால் ஏற்ற வேண்டியதாயிற்று. முட்டிவலிக்காரர். ஒரு மணி நேரமும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வந்தார். பெரியவர்களை அழைத்துப் போகிறவர்கள், வண்டியை நேரில் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள். கார் இல்லாமல் இங்கே தங்குவதில் அர்த்தமில்லை. குடிலிலிருந்து சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகக்கூட ராத்திரியில் வண்டி இருந்தால் நல்லது. விளக்கு அதிகம் இல்லாத, நட்சத்திரம் தெரிகிற இருட்டு அது.

ஸ்டெல்லன்போஷிலிருந்து ஹெல்ஸ்ஹூக்தெ கணவாய் வழியாக வாருங்கள், கொஞ்சம் சுற்றென்றாலும் பரவாயில்லை. ஏற்றம் முடிந்து வண்டி மறுபக்கம் இறங்கத் தொடங்கியதும், இடது பக்கம் சைமன்ஸ்பெர்க், எதிரே டிராக்கன்ஸ்டைன் மலைத்தொடர், நடுவில் பச்சைப் பள்ளத்தாக்கு. மலை இல்லாத ஊர்க்காரர்கள் நாங்கள். எங்கள் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் சமதரைதான். அத்தை முட்டிவலியை மறந்து கண்ணாடியில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

பண்ணைக்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் பெரிய ஓக் மரங்கள். அதன் முடிவில் வெள்ளையடித்த நீண்ட வீடு, இரண்டு பக்கமும் வெள்ளைச் சுவர் ஓடுகிறது. வாசலுக்கு நேர்மேலே சுவர் அலைபோல வளைந்து வளைந்து மேலேறிக் கூரையைத் தாண்டி நிற்கும். இந்தப் பக்கத்துப் பழைய டச்சு வீடுகளுக்கெல்லாம் அந்த முகப்புத்தான் அடையாளம். பண்ணை முற்றத்தை இங்கே 'வெர்ஃப்' என்கிறார்கள். நம் ஊர்க் களத்துமேடு, மாட்டுக்கொட்டில், குதிர் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் இருந்தால் எப்படியோ அப்படி.

அத்தை இறங்கி, இடுப்பில் கைவைத்து நாலாபக்கமும் பார்த்தார்.

"பண்ணை வீடு சரி. பண்ணையாளு வீடு எங்கம்மா?"

இந்தக் கேள்வி அவருக்கு ஏன் வந்தது என்று சொல்ல வேண்டும். அத்தையின் அப்பா கீழ்வேளூர்ப் பக்கம் ஒரு மிராசுதாரிடம் பண்ணையாள். விடியுமுன் வயலில் நிற்க வேண்டும், கூலி நெல்லாகத்தான் வரும். 1952இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் எல்லாம் உடனே மாறிவிடவில்லை. கூலி உயர்த்திக் கேட்ட பகையில் 1968 டிசம்பரில் வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்களே, அப்போது அத்தைக்குப் பதின்மூன்று வயது. பக்கத்து ஊர். அதைப் பற்றி அவர் அதிகம் பேசமாட்டார். பெரிய வீடு எதைப் பார்த்தாலும் அவர் கண் கொல்லைப்பக்கம்தான் போகும்.

பண்ணையின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1685இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்த நிலத்தை ஒரு பிரெஞ்சுப் புராட்டஸ்டண்டுக்குக் கொடுத்தது. 1715இல் டி வில்லியர்ஸ் என்ற இன்னொரு பிரெஞ்சுக் குடும்பம் வாங்கியது. 1879 வரை அவர்கள் கையில்தான் இருந்தது. இப்போது நாம் பார்க்கிற பெரிய வீடு 1812இல் கட்டி முடித்தது. 1880களில் வேரைத் தின்னும் ஒரு பூச்சி வந்து கேப் என்ற இந்த வட்டாரம் முழுக்கத் திராட்சைக் கொடிகள் பட்டுப்போயின. விலை சரிந்த பண்ணைகளை 1890களின் கடைசியில் வைரச் சுரங்க முதலாளி சிசில் ரோட்ஸ் வரிசையாக வாங்கிப் பழமரங்கள் நட்டார். இந்தப் பள்ளத்தாக்கில் பேரியும் பிளம்மும் இத்தனை இருப்பது அதனால்தான். பண்ணையின் வேலையாட்களுக்காக ஹெர்பர்ட் பேக்கர் வடிவமைத்த லாங்கடாக் என்ற சின்னக் கிராமம் இன்றும் பக்கத்திலேயே இருக்கிறது. பிற்பாடு டெல்லியில் தலைமைச் செயலகம் கட்டினாரே, அதே பேக்கர்.

அத்தை கேள்விக்கு அன்று சாயங்காலமே பதில் கிடைத்தது. எங்களுக்குக் கொடுத்த குடில் ஒரு தாழ்வாரம், இரண்டு படுக்கையறை, சமையலறையோடு கூடிய கூடம். வெள்ளைச் சுவர், கனமான மரக் கதவு, கணப்பு அடுப்பு. வெளியே ஒரு திண்ணை. அதற்கு இங்கே பெயர் 'ஸ்தூப்'. இந்தப் பண்ணையில் விருந்தினருக்கு விடும் குடில்களில் பல, ஒரு காலத்தில் பண்ணை ஆட்கள் குடியிருந்தவை. சாவி கொடுக்க வந்த பெண் இதைச் சொன்னதும் நான் அத்தையிடம் சொன்னேன். அத்தை சுவரைக் கையால் தடவிப் பார்த்தார். "எத்தனை குடும்பம் இருந்துச்சாம்?" என்றார். அந்தப் பெண்ணுக்குத் தெரியவில்லை.

அறை எப்படி என்றுதான் எல்லோரும் கேட்பீர்கள். நன்றாக இருந்தது. ஆடம்பரம் என்று எதுவும் கண்ணில் குத்தாது. பருத்தி விரிப்பு சுத்தமாக, வெயிலில் காய்ந்த வாசனையோடு இருந்தது. சுவர் தடிமனாக இருப்பதால் பகல் வெயில் உள்ளே வரவில்லை. மார்ச்சிலும் இங்கே பகலில் வெயில் கொளுத்தும், ராத்திரியில் போர்வை வேண்டும். சமையலறையில் அடுப்பு, பாத்திரம், குளிர்பெட்டி எல்லாம் இருந்தன. அரிசி, புளி, மிளகு, பெருங்காயம் கையோடு கொண்டுபோயிருந்தோம். பண்ணைக் கடையில் தக்காளி வாங்கி, இரண்டாம் நாள் ராத்திரி அத்தை ரசம் வைத்தார். இந்த ஊர்த் தக்காளியில் புளிப்புக் குறைவு என்பார், அன்று ஒன்றும் சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து மலை சிவப்பதைப் பார்த்துக்கொண்டே ரசஞ்சோறு சாப்பிட்டோம். டிராக்கன்ஸ்டைன் மலை சூரியன் விழுகிற நேரத்தில் ஒரு பத்து நிமிஷம் செங்கல் நிறத்துக்கு மாறும். அந்த நேரத்தில் எங்கேயும் போகாமல் திண்ணையில் இருங்கள்.

அந்தத் திண்ணையில் ஒரு பழைய மர பெஞ்சு இருந்தது. உட்காரும் இடம் பலகை இல்லை, மாட்டுத்தோலை விரல் அகலத்துக்கும் குறைவான வார்களாக அறுத்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னியிருந்தார்கள். ஒவ்வொரு வாரும் சட்டத்தில் துளைபோட்டு உள்ளே இழுத்து முடிந்திருந்தது. அத்தை குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தார். "கயித்துக்கட்டிலு மாரியே இருக்கு" என்றார்.

மறுநாள் காலை அறையைச் சுத்தம் செய்ய வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். பக்கத்து ஊரான பெனியேல்காரர். அத்தை சும்மா இருக்கமாட்டார், அவரோடு சேர்ந்து விரிப்பை உதறி ஒரு முனையைப் பிடித்தார். ஒருவருக்குத் தமிழ், ஒருவருக்கு டச்சிலிருந்து பிறந்த ஆஃப்ரிகான்ஸ், நடுவில் நான் இங்கிலீஷில். அந்த அம்மா கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டி, "எங்கள் பாட்டி இதைக் கட்டெல் என்பாள். இப்போது பிள்ளைகள் பெட் என்கிறார்கள்" என்றார்.

நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் அத்தை, "என்ன சொன்னாங்க? கட்டில்னா?" என்றார்.

ஆமாம். ஆஃப்ரிகான்ஸ் அகராதியில் இருக்கிற சொல் அது. நம் கட்டில்தான், போர்ச்சுகீசியர் வாய்வழியாகக் கப்பலேறி இங்கே வந்து கட்டெல் ஆகியிருக்கிறது. மாட்டு வண்டியில் உள்நாட்டுக்குப் போன வெள்ளைக்காரக் குடியானவர்கள், வண்டிக்குள் தோல்வார் பின்னிய சட்டத்தைக் கட்டித் தூங்குவார்கள், அதற்கும் இதே பெயர். குழம்புக்கு இங்கே 'கெர்ரி' என்கிறார்கள், அது நம் கறி. அத்தை அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு "கட்டில்" என்று ஒருமுறை சொன்னார். அவர் "கட்டெல்" என்றார். இரண்டு பேரும் அப்படியே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தங்கலில் எனக்கு மறக்காமல் இருக்கப்போவது அதுதான்.

சொற்கள் மட்டும் வரவில்லை. போஷென்டால் போகும் முந்தின நாள் அத்தையைக் கேப்டவுனில் இருக்கும் ஸ்லேவ் லாட்ஜுக்கு அழைத்துப் போயிருந்தேன். டச்சுக் கம்பெனி தன் அடிமைகளை அடைத்து வைக்க 1679இல் கட்டிய கட்டடம், இப்போது அருங்காட்சியகம். 1652 தொடங்கி 1808 வரை ஏறக்குறைய 63,000 பேரை அடிமைகளாகக் கேப்புக்குக் கொண்டுவந்தார்கள். அதில் ஏறத்தாழக் கால்வாசிப் பேர் இந்தியாப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். வங்காளம், மலபார், பிறகு நம் சோழமண்டலக் கரை. பதிவேட்டில் அவர்களுடைய சொந்தப் பெயர் இருக்காது. ஒரு கிறிஸ்தவப் பெயரோ, வந்து இறங்கிய மாதத்தின் பெயரோ வைத்து, பின்னால் ஊரைச் சேர்த்துவிடுவார்கள். 'வான் பெங்கால்', 'வான் கொரமண்டல்', சில இடங்களில் வெறுமனே 'வான் டெ குஸ்ட்', அதாவது கரைக்காரி. எந்தக் கரை என்றுகூட எழுதவில்லை. செப்டம்பர், பிப்ரவரி என்ற குடும்பப் பெயர்களை இன்றும் கேப்டவுனில் கேட்கலாம்.

நாகப்பட்டினம் 1658 முதல் 1781 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. 1690 முதல் சோழமண்டலக் கரைக்கே அதுதான் அவர்களுக்குத் தலைமையிடம். தஞ்சாவூர்ச் சீமையில் படையெடுப்பும் பஞ்சமும் சேர்ந்து வந்த 1659, 1660 வருஷங்களில், சோற்றுக்கு வழியில்லாமல் தங்களையும் பிள்ளைகளையும் விற்றுக்கொண்டவர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றினார்கள். பெரும்பாலோர் இலங்கைக்கும், இன்றைய ஜகார்த்தாவான பத்தேவியாவுக்கும் போனார்கள். கேப் வரை வந்தவர்களும் உண்டு. இந்தப் பக்கத்துக்கு ஊர்ப்பெயரையும் மலைப்பெயரையும் கொடுத்த கவர்னர் சைமன் வான் டெர் ஸ்டெல் இருக்கிறாரே, ஸ்டெல்லன்போஷை 1679இல் உண்டாக்கியவர், அவருடைய அம்மாவைப் பெற்ற பாட்டியே மோனிகா என்ற, விடுதலை பெற்ற இந்திய அடிமைப்பெண்தான். சைமன்ஸ்பெர்க் மலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மோனிகாவின் ஞாபகம்தான் வருகிறது.

இதெல்லாம் தங்கும் விடுதி விமர்சனத்தில் எதற்கு என்று கேட்கலாம். போஷென்டாலின் அழகு யார் கண்ணுக்கும் தெரியும், அதற்கு நான் வேண்டாம். வெள்ளைச் சுவரும் ஓக் மரமும் படத்தில் எவ்வளவு அழகோ நேரிலும் அவ்வளவு அழகு. ஆனால் நம் ஊர்க்காரர்கள் அங்கே போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் பாதிதான் பார்த்தது. மீதியைப் பார்க்க இரண்டு காரியம் செய்ய வேண்டும். போகும் முன்பு ஸ்லேவ் லாட்ஜ், போன பிறகு பெனியேல்.

அதற்கு முன்னால் சாப்பாட்டை முடித்துவிடுகிறேன். காலைச் சாப்பாடு பண்ணைக் கடையில். ரொட்டி அங்கேயே சுடுகிறார்கள், மேல்தோல் முறுகலாக, உள்ளே ஈரத்தோடு. முட்டை மேய்ச்சலில் வளர்கிற கோழியுடையது, மஞ்சள் கரு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஒரு மதியம் பிக்னிக் கூடை வாங்கி ஓக் மரத்தடியில் சாப்பிட்டோம். ரொட்டி, பாலாடைக்கட்டி, குளிர்ந்த இறைச்சி, காய் வகைகள், இனிப்பு. இரண்டு பேர் கூடையை மூன்று பேர் சாப்பிடலாம். சைவம் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், தனியாகக் கட்டித் தருகிறார்கள். ஒரு ராத்திரி மட்டும் வெர்ஃபில் இருக்கும் உணவகத்தில் உட்கார்ந்தோம். பழைய ஒயின் கிடங்கு, வெளியே காய்கறித் தோட்டம், அன்று பறித்ததைத்தான் சமைக்கிறார்கள். சுட்ட பீட்ரூட்டும் கேரட்டும் அப்படி ஒரு ருசி. அங்கே ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் காசில் எங்கள் வீட்டில் ஒரு வாரக் காய்கறி வாங்கலாம். பிறந்தநாள் என்றால் செய்யலாம், தினமும் முடியாது. காரம் இல்லாமல் இறங்காதவர்கள் ஊறுகாய்ப் பாட்டிலை மறக்காதீர்கள்.

மூன்று பேரில் யாரும் ஒயின் குடிப்பதில்லை. அதனால் அதைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை. இந்தப் பள்ளத்தாக்குகளில் நெடுங்காலம் பண்ணையாட்களின் கூலியில் ஒரு பகுதியை ஒயினாகவே கொடுத்து வந்தார்கள். 'டொப்' என்று பெயர். 1960களில் சட்டப்படி நிறுத்தினார்கள். அது குடும்பங்களில் விட்டுப்போன கெடுதி இன்னும் தீரவில்லை. நெல்லாகக் கூலி வாங்கியவரின் மகளுக்கு இதை விளக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை.

இரண்டாம் நாள் விடிகாலை ஐந்தரைக்கே அத்தை எழுந்துவிட்டார். "வயலைப் பாத்துட்டு வருவோம்" என்றார். அவருக்கு எந்த விவசாய நிலமும் வயல்தான். வெளியே பனி. கடைசி அறுவடை நடந்துகொண்டிருந்தது. சிவப்புத் திராட்சை. வரிசைக்கு இருவராக ஆட்கள், வளைந்த முனை வைத்த சின்னக் கத்தரியால் காம்பை வெட்டிக் குலையைப் பெட்டியில் போடுகிறார்கள். இடது கை குலையைத் தாங்க, வலது கை வெட்ட, கண் அடுத்த குலைக்குப் போய்விடும். வெயில் ஏறுமுன் முடித்தாக வேண்டும், சூடான பழம் கெட்டுவிடும் என்று மேற்பார்வையாளர் சொன்னார். அத்தை பத்து நிமிஷம் அசையாமல் நின்று பார்த்தார். "இடுப்பு வலிக்காது, நின்னுக்கிட்டே அறுக்குறாங்க. நடவுக்கு இது தேவல" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தோள்பட்ட வலிக்கும்" என்றார்.

மண்ணை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். சிவப்பும் சரளையுமாக, உதிரியாக ஓடியது. எங்கள் வண்டலைப் போல ஒட்டாது. "தண்ணி எங்கேருந்து?" மழை இங்கே ஜூன், ஜூலை, ஆகஸ்டில், குளிர்காலத்தில்தான் பெய்யும், கோடை முழுக்கக் காயும், அணையில் பிடித்து வைத்துச் சொட்டுநீர் விடுகிறார்கள் என்றேன். "ஆனி ஆடியிலயா மழ?" என்று அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஐப்பசி கார்த்திகைக்குக் காத்திருந்தே வாழ்ந்தவர். மேய்ச்சல் நிலத்தில் நின்ற கறுப்பு ஆங்கஸ் மாடுகளைப் பார்த்துவிட்டு, "திமிலே இல்லாம மாடா?" என்று இன்னொரு ஆச்சரியம். குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இந்தக் காலை நடை போதும். சைக்கிள் பாதை, மலையேறும் பாதை எல்லாம் உண்டு, நாங்கள் போகவில்லை.

பெரிய வீட்டை உள்ளே போய்ப் பார்க்கலாம். நடுவில் கூடம், இரண்டு பக்கமும் அறைகள், மேலே பார்த்தால் உத்தரங்கள், கீழே மஞ்சள் மரப் பலகைத் தரை. இரண்டு நூற்றாண்டாக மெழுகு போட்டுத் தேய்த்த பலகை, தேன் நிறத்தில் மின்னுகிறது. ஜன்னல் கண்ணாடிகள் சின்னச் சின்னச் சதுரம். 1812 என்றால் இன்னும் அடிமைக் காலம். இந்த வீடு எழுந்ததில் அடிமைகளின் உழைப்பு உண்டு.

முன்வாசல் படிக்கு வந்ததும் அத்தை நின்றுவிட்டார். நான் முட்டிவலி என்று நினைத்துக் கையைக் கொடுத்தேன். அவர் செருப்பைக் கழற்றிப் படியோரமாகத் திருப்பி வைத்தார். வாசலில் இருந்த இளைஞர் பரவாயில்லை, போட்டுக்கொண்டே வாருங்கள் என்று கையைக் காட்டினார். அத்தை சிரித்துவிட்டு வெறுங்காலோடே உள்ளே போனார். கூடத்தின் நடுவே போய் நின்று, திரும்பித் தான் வந்த வாசலைப் பார்த்தார். "எங்கப்பா அந்த வூட்டு முன்வாச வழியா ஒருநாளும் போனதில்லம்மா" என்றார். அவ்வளவுதான். பிறகு ஒவ்வொரு அறையாக நிதானமாகப் பார்த்தோம், அவசரப்படவில்லை.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. பெனியேல் போனோம். காரில் ஐந்து நிமிஷம்கூட இல்லை, பண்ணையின் பக்கத்து ஊர். வேதாகமத்தில் யாக்கோபு ராத்திரி முழுக்கப் போராடிவிட்டு, தேவனை முகமுகமாய்க் கண்டேன் என்று பெயர் வைத்த இடம் பெனியேல். இந்த ஊர் வாசிகள் அதை 'ப்னீல்' என்கிறார்கள். கேப்பில் அடிமை முறை 1834 டிசம்பர் 1ஆம் தேதி சட்டப்படி ஒழிந்தது. ஆனால் 'பயிற்சி' என்ற பெயரில் மேலும் நாலு வருஷம் பழைய எஜமானிடமே வேலை செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். நிஜமான விடுதலை 1838 டிசம்பரில்தான். விடுதலையானவர்கள் போக இடமில்லை. பக்கத்துப் பண்ணைகளின் நிலத்தில் 1843இல் அவர்களுக்காக ஒரு மிஷன் ஊர் எழுந்தது. அதுதான் பெனியேல். மலைச்சரிவில் சின்ன வெள்ளை வீடுகள், கிறிஸ்தவக் கோயில், ஒரு விடுதலை நினைவுச் சின்னம், சின்ன அருங்காட்சியகம். பண்ணைகளில் இருக்கும் ஆடம்பரம் ஒன்றும் இங்கே இல்லை. ஒவ்வொரு வீட்டின் முன்னாலும் பூச்செடி, பின்னால் காய்கறிப் பாத்தி.

கட்டெல் சொன்ன அம்மா எங்களைக் கோயில் வாசலில் பார்த்துவிட்டு ஓடிவந்தார். ஞாயிற்றுக்கிழமை உடுப்பு, தொப்பி. அத்தைக்கு அவரை முதலில் அடையாளம் தெரியவில்லை. தெரிந்ததும் கையை விடவேயில்லை. அவர் ஒரு வீட்டைக் காட்டி, அங்கே கோசிஸ்டர் வாங்கிச் சாப்பிடாமல் போகக்கூடாது என்றார்.

கோசிஸ்டர் என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். கேப் பக்கத்தில் ஞாயிறு காலைப் பலகாரம் அது. மாவில் ஏலக்காய், சோம்பு, பட்டை, காய்ந்த ஆரஞ்சுத்தோல் போட்டுப் பிசைந்து புளிக்கவைத்து, உருண்டையாகப் பொரித்து, சர்க்கரைப் பாகில் முக்கி, மேலே தேங்காய்ப்பூ தூவித் தருவார்கள். ஆறு உருண்டை ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டுக் கொடுத்தார்கள், மூடியில் ஆவி படிந்திருந்தது. அத்தை ஒன்றை இரண்டாகப் பிய்த்து முகர்ந்து பார்த்தார். கடித்தார். "சுழியத்துல பூரணத்த விட்டுட்டு, மாவுக்குள்ளயே ஏலக்கா போட்ருக்காங்க. பாகு பதம் சரியா இருக்கு" என்றார். பலகாரத்துக்கு அத்தை கொடுக்கும் மதிப்பெண் அதற்குமேல் இல்லை.

நினைவுச் சின்னத்தின் பக்கத்தில் ஒரு பத்து நிமிஷம் உட்கார்ந்தோம். எதிரே தெரிவது போஷென்டால் பக்கத்துத் தோப்புகள். எஜமானர் வீட்டிலிருந்து விடுதலையாகி வந்தவர்கள், அந்த வீட்டைப் பார்த்துக்கொண்டே, அதே தோட்டங்களில் கூலிக்குப் போய்த்தான் இந்த ஊரை வளர்த்திருக்கிறார்கள். "நம்ம தெருவுலேருந்தும் மிராசு வூடு தெரியும்" என்று அத்தை சொன்னார்.

தங்கலாமா என்றால், தங்கலாம். என் மனசார சொல்கிறேன். மூன்று ராத்திரி வேண்டாம், வெள்ளி, சனி இரண்டு போதும். சமையலறையுள்ள குடிலாகப் பாருங்கள், செலவு பாதியாகக் குறையும். திராட்சை அறுவடை பார்க்க வேண்டுமென்றால் பிப்ரவரி முதல் மார்ச் நடுப்பகுதி வரை. அப்போது விலையும் கூட்டமும் உச்சத்தில் இருக்கும். ஜூன், ஜூலையில் விலை இறங்கும், கொடியெல்லாம் மொட்டையாக நிற்கும், மழை பெய்யும், கணப்பு எரியும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும் என்கிறார் என் வீட்டுக்காரர், அடுத்த தடவை அப்போது போகலாம் என்று இப்போதே கணக்குப் போடுகிறார். தென்கிழக்குக் காற்று அடிக்கிற நாளில் வெளியே உட்கார முடியாது, பிக்னிக் கூடையை முன்கூட்டியே வாங்கிவிடாமல் அன்று காலை வானத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

எந்தக் கிழமை போனாலும் ஞாயிறு காலை பெனியேலில் இருக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கோயில் விடுமுன் போய் வாங்கிவிட வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது கடைசி டப்பா.